எட்டுப் பேருக்கு ஒரு நாடகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்து நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கி பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் நாடகக் குழுவில் எல்லோரும் படித்தோம். படித்ததும் சண்டை வந்துவிட்டது. அடுத்த நாடகத்தை ஒரு வாடகை வீட்டில், காட்சிக்கு எட்டுப் பேர் என்று போடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். பார்க்க வருபவர்களை அறை அறையாக அழைத்துப் போவது, கண்ணைக் கட்டுவது, கையைப் பிடித்துப் பேசுவது என்று திட்டம். எனக்கு உடன்பாடில்லை. நாடகம் என்றால் கூட்டம் வேண்டாமா? எட்டுப் பேருக்கு என்றால் அது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காகத்தானே முடியும்? முன்பின் தெரியாத ஒருவரைத் தொட்டு நடிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்விதான் கனமானது. மற்ற இரண்டையும் முதலில் பார்த்துவிடுவோம்.

குரோட்டோவ்ஸ்கி 1959-ல் போலந்தின் ஓப்போலே நகரத்தில் பொறுப்பேற்ற அரங்கின் பெயரே 'பதின்மூன்று வரிசை அரங்கு'. சின்ன இடம். அங்கே அவர் நாடகத்துக்கு நாடகம் பார்வையாளர் உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டே போனார். 1962-ல் 'கோர்டியன்' போட்டபோது கூடம் முழுக்க மனநல மருத்துவமனைக் கட்டில்கள். நடிகர்கள் இருந்த அதே கட்டில்களில்தான் பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் 'டாக்டர் ஃபாஸ்டஸ்'. ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்ற ஃபாஸ்டஸ் சாகுமுன் கொடுக்கும் கடைசி விருந்து அது. நீளமான மேசைகளைச் சுற்றி விருந்தாளிகளாகப் பார்வையாளர்கள். வ்ரோத்ஸ்வாஃப் நகருக்கு இடம் மாறிய பிறகு, 1965-ல், ரிஷார்ட் சியஸ்லாக் நடித்த 'உறுதி குலையாத இளவரசன்'. அதில் உயரமான மரத்தடுப்புக்கு வெளியே இருந்து, கீழே ஒரு மனிதன் வதைபடுவதை எட்டிப் பார்க்க வேண்டும்.

நோயாளி, விருந்தாளி, வேடிக்கை பார்ப்பவன் என்று வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. எண்ணிக்கை அந்த வேலையிலிருந்து வந்தது. ஆகவே உங்கள் நண்பரிடம் நீங்கள் கேட்க வேண்டியது "ஏன் எட்டுப் பேர்?" என்பதல்ல, "அந்த எட்டுப் பேரும் அங்கே யார்?" என்பதுதான். அவரிடம் பதில் இல்லையென்றால் எண்பது பேரைக் கூப்பிட்டு மொட்டைமாடியில் போடச் சொல்லுங்கள்.

பணம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒரு சமயத்தில் ஒரே ஒருவர், அவருக்கு அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் ஓய்வும் சேர்த்து நாள் முழுக்கச் செய்தாலும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் பார்க்க முடியாது. டிக்கெட் காசில் இது ஓடாது. ஐரோப்பாவில் இத்தகைய முயற்சிகள் நடப்பது அரசு நல்கையாலும் விழாக்களின் ஆதரவாலும்தான். ஆனால் இதற்கு வேறு வழியே இல்லையா? 1969-ல் போலந்தில் குரோட்டோவ்ஸ்கியின் வேலையை நேரில் கண்ட வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார், எழுபதுகளில் கல்கத்தாவில் படச்சட்ட மேடையை (முன்பக்கம் மட்டும் திறந்த வழக்கமான மேடை) விட்டுவிட்டு ஓர் அறைக்குள் வந்தார். 'அங்கன் மஞ்ச்', அதாவது முற்ற மேடை, என்று பெயர். அறையில் அங்கங்கே பெஞ்சுகள், இடையில் நடிகர்கள். விளக்கு எல்லோர் மேலும் விழும். பார்ப்பவர் முகம் நடிகருக்குத் தெரிய வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கட்டணம் பெயருக்குத்தான், பிறகு அதுவும் போய், விருப்பப்பட்டவர் கொடுக்கும் நன்கொடை என்றாயிற்று. 1980-ல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறைக்குப் பிறகு தமிழ் நாடகக்காரர்கள் பலர் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினார்கள். சின்ன அறை என்றாலே பணக்கார அறை என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, தொடுவதற்கு வருகிறேன்.

தெருக்கூத்து பார்க்கிறவரை நினைத்துப் பாருங்கள். விடிய விடிய ஆட்டம். நடுவில் எழுந்து போய் டீ குடிக்கலாம், பாயில் சாய்ந்து ஒரு தூக்கம் போடலாம், துகிலுரியும்போது எழுந்து உட்கார்ந்து அழலாம். துரியோதனன் சாகும் படுகளத்தன்று அவனுடைய மண் உருவத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் போய் நிற்பது என்பதும் அவரவர் இஷ்டம். நெருக்கம், விலகல் இரண்டும் பார்க்கிறவர் கையில். எட்டுப் பேர் அறையில் அவர் இழப்பது இந்தச் சுதந்திரத்தைத்தான். எழுந்து போனால் எல்லோருக்கும் தெரியும். கொட்டாவி விட்டால் நடிகர் பார்ப்பார். ஒரே ஒருவருக்கான நாடகத்தில் அவர் எழுந்து போனால் நாடகமே நின்றுவிடும். கூச்சத்தாலேயே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். இந்த வகை அரங்கின் வலுவும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரைச் சேர்ந்த ஒன்ட்ருரென்ட் ஹூட் என்ற குழு இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் 2007-ல் அவர்கள் நடத்திய ஒரு நாடகத்தில் உங்களைத் தனியாகச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணையும் கையையும் கட்டி, தள்ளிக்கொண்டு போவார்கள். வாசனை, ருசி, யாரோ ஒருவரின் குரல், கட்டிலில் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தரங்கமாகக் கேட்கப்படும் கேள்விகள். முடிவில் கட்டை அவிழ்த்து நாற்காலியைப் பின்னோக்கி இழுக்கும்போது, இத்தனை நேரம் நீங்கள் இருந்த இடமும் அதன் ஏற்பாடுகளும் கண்ணில் படும். அதை நான் மதிக்கிறேன். வித்தையைக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

2009-ல் அதே விழாவுக்கு அவர்கள் கொண்டுவந்த 'இன்டர்னல்' பற்றி எனக்கு வேறு கருத்து. ஐந்து நடிகர்கள், ஐந்து பார்வையாளர்கள். ஆளுக்கொரு நடிகர் உங்களைத் தனி மேசைக்கு அழைத்துப் போவார், குடிக்கக் கொடுப்பார், கண்ணைப் பார்த்துப் பேசுவார். சில நிமிடங்களில் சொந்தக் கதையைச் சொல்லிவிடுவீர்கள். பிறகு பத்துப் பேரும் வட்டமாக உட்கார, நீங்கள் தனியாகச் சொன்னதை அந்த நடிகர் எல்லோர் முன்னாலும் எடுத்துப் பேசுவார். போகும்போது முகவரி கேட்பார். பின்னால் வீட்டுக்குக் கடிதமும் வரும். ஒரு அந்நியர் கொஞ்ச நேரம் காது கொடுத்தால் நாம் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறோம் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கண்டுபிடிப்புக்கான விலையைக் கொடுத்தவர் பார்வையாளர். கொடுக்கப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. பலர் கோபப்பட்டது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இதற்கு எதிர்முனையில் பிரிட்டிஷ் நாடகக் கலைஞர் ஏட்ரியன் ஹாவல்ஸ் (1962–2014). 2006 முதல் 2009 வரை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு நல்கையில் இருந்தவர், ஒருவருக்கான நாடகங்களையே தன் கலையாக வைத்துக்கொண்டவர். ஒரு நாடகத்தில் அவர் செய்ததெல்லாம் வந்தவரின் பாதத்தைக் கழுவுவதுதான். எதிரே கீழே உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொரு காலாகக் கழுவி, துண்டால் துடைத்து, எண்ணெய் தடவி அழுத்திவிடுவார். மெதுவாகப் பேச்சு, பிறகு மௌனம். அரைமணி நேரம். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்: உங்கள் பாதத்தை முத்தமிடலாமா?

என் பார்வையில் அந்த நாடகத்தின் உச்சம் முத்தம் அல்ல, அந்தக் கேள்விதான். அதுவரை எல்லாம் அவர் செய்ய நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். இப்போது முடிவு உங்கள் கையில். வேண்டாம் என்று சொன்னால் நாடகம் கெட்டுப்போகாது, அந்த 'வேண்டாம்' நாடகத்துக்குள்ளேயே சேர்ந்துவிடும். ஒருவரைத் தொட்டு நடிக்கத் துணிகிற எவரும் இதைத்தான் முதலில் கட்ட வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. கதை, விளக்கு, வசனம் எல்லாம் அப்புறம்.

நம்மூரில் இது இன்னும் அவசியம். யார் யாரைத் தொடலாம், யார் யார் காலைப் பிடிக்கலாம் என்பதில் சாதியும் ஆண்-பெண் வேற்றுமையும் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கின்றன. கிளாஸ்கோவில் பாதம் கழுவுவது, சீடர்களின் காலைக் கழுவிய ஏசுவை நினைவூட்டும். கோவையில் ஒருவர் காலை இன்னொருவர் கழுவினால் பார்க்கிறவர் முதலில் இருவரும் யார் யார் என்றுதான் யோசிப்பார். அதைத் தெரிந்தே எடுத்துக்கொண்டால் பெரிய நாடகம் கிடைக்கும். தெரியாமல் எடுத்தால் யாரையாவது அவமானப்படுத்திவிடுவீர்கள்.

ஆகவே உங்கள் நண்பரின் திட்டத்தை எதிர்க்காதீர்கள், இறுக்கிக் கொடுங்கள். கண்ணைக் கட்டப்போகிறோம், கையைப் பிடிக்கப்போகிறோம் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். ரகசியம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். நிறுத்த நினைப்பவர் வாய் திறக்காமலேயே நிறுத்த ஒரு சைகை வையுங்கள். கண் கட்டியிருக்கும்போது கேட்கும் கேள்வியின் பதிலை இன்னொருவர் காதில் போடக் கூடாது என்பதைக் குழு விதியாக்குங்கள். ஒத்திகைக்கு உங்கள் நண்பர்களைக் கூப்பிடாமல், நாடகமே பார்த்திராத யாரையாவது, முக்கியமாகப் பெண்களை, உட்காரவைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அவர்கள் உடம்பு விறைக்கிறது என்று கவனியுங்கள்.

நடிப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். முகம் தெரியாத எட்டுப் பேரிடம் இவ்வளவு கிட்டத்தில் நின்று நடித்துவிட்டு, அரைமணியில் அடுத்த எட்டுப் பேருக்குத் தயாராவது உடம்பையும் மனசையும் உறிஞ்சும் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு காட்சிக்கு மேல் வைக்காதீர்கள்.

அன்புடன்