அத்தானுக்கு மூன்றாவது கையெழுத்து

கேள்வி: நானும் மனைவியும் ஸ்காபரோவில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். வருடத்துக்கு எனக்கு 88,000 டொலர், மனைவிக்கு 72,000 டொலர் சம்பளம். எஃப்.எச்.எஸ்.ஏ.யில் (முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கு) ஆளுக்கு 24,000, ஆர்.ஆர்.எஸ்.பி.யில் (ஓய்வுகாலச் சேமிப்பு) இருவருக்குமாக 38,000, கையில் 14,000 இருக்கிறது. அஜாக்ஸில் அமைதியான தெரு ஒன்றில் 720,000 டொலருக்கு ஒரு டவுன்ஹவுஸ் பார்த்திருக்கிறோம். ஃப்ரீஹோல்ட்தான் (நிலமும் சொந்தம்), ஆனால் மாதம் 160 டொலர் ‘ரோட் ஃபீஸ்’ உண்டு. எங்கள் வான் கடன் மாதம் 540. அத்தானின் (அக்காவின் கணவர்) காருக்கு கோ-சைன் செய்திருக்கிறேன் (அவர் கட்டாவிட்டால் நான் பொறுப்பு); மாதம் 610, அவர்தான் கட்டுகிறார். அவருக்காக என் கிரெடிட் லைனில் (வேண்டியபோது எடுக்கும் வங்கிக் கடன்) 24,000 எடுத்துக் கொடுத்தேன். வட்டியை ஒழுங்காகத் தருகிறார். இப்போது அவருடைய வீட்டு மோட்கேஜ் ரினியூவலுக்கு (தவணைக்காலம் முடிந்து புதுப்பிப்பது) வருகிறது. வங்கி இன்னொருவரின் கையெழுத்துக் கேட்கிறதாம், வீட்டு உறுதிப் பத்திரத்தில் 1 வீதத்துக்கு என் பெயரும் போடவேண்டுமாம். 2022இல் அவர் புக் செய்த புதுக் கொண்டோவும் (அடுக்குமாடி வீடு) குளோசிங்குக்கு (மிச்சக் காசைக் கட்டிப் பெயருக்கு மாற்றுவது) வருகிறது. நான் கனடா வந்த புதிதில் ஒன்றரை வருடம் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன், எப்படி மறுப்பது? எங்கள் மோட்கேஜை 30 வருடத்துக்கு எடுத்தால் எல்லாம் சரிவரும் என்கிறார் புரோக்கர். நாங்கள் வீடு வாங்கலாமா?

பதில்: வீட்டுக்கு வருமுன் அந்த ரினியூவல் கதையைப் பார்ப்போம், அது பொருந்தவில்லை.

தவணை பிந்தாமல் கட்டிவந்தவருக்கு ரினியூவல் நேரத்தில் அதே வங்கி புது வட்டியைப் போட்டு ஒரு கடிதம் அனுப்பும். அவர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. வழமையாகச் சம்பளக் கடிதம்கூடக் கேட்பதில்லை, கோ-சைனர் எங்கிருந்து வருவார்? இன்சூர் செய்யாத மோட்கேஜை அதே தொகைக்கு, அதே காலத்துக்கு வேறு வங்கிக்கு மாற்றினாலும் 2024 நவம்பர் 21 முதல் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் (வட்டி ஏறினாலும் கட்ட முடியுமா என்ற சோதனை) கட்டாயமில்லை. ஆகவே அத்தான் கேட்பது ரினியூவலாக இருக்காது, ரிஃபைனான்ஸாக இருக்கும். வீட்டின்மேல் இன்னும் காசு எடுக்கப் பார்க்கிறார், அவருடைய வருமானம் அதற்குக் காணாது. இல்லையென்றால் தவணை பிந்தியிருக்கிறார். எதுவானாலும் அது ‘ஒரு கையெழுத்துத்தானே’ என்று விடுகிற விஷயமில்லை.

காசு எதற்கு என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 2022 தொடக்கத்தில் ரொறன்ரோவைச் சுற்றி விலை உச்சியில் நின்றது. கனடா மத்திய வங்கியின் வட்டி அந்த மார்ச்சில் 0.25 வீதத்திலிருந்து ஏறத் தொடங்கி, 2023 ஜூலையில் 5 வீதத்தைத் தொட்டது. வட்டி பிறகு இறங்கியும் கொண்டோ விலை எழும்பவில்லை. ஒரு பேச்சுக்கு 650,000க்கு புக் செய்து, 20 வீதம், அதாவது 130,000 டெபாசிட் கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். மிச்சம் 520,000. இன்றைய மதிப்பீடு 540,000 என்றால் வங்கி அதில் 80 வீதம், 432,000தான் தரும். இடையில் 88,000 டொலர் பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் உங்கள் பெயர் தேவைப்படுகிறது. ‘இப்ப புக் பண்ணு, கட்டி முடிய விலை ஏறியிருக்கும்’ என்று இந்தக் கொண்டோக்களை விற்றவர்கள் யாரும் இப்போது இந்தக் கணக்கைப் போட வரமாட்டார்கள்.

இனி உங்கள் கணக்கு. 720,000க்கு 10 வீதம் கையிலிருந்து, 648,000 கடன். சி.எம்.எச்.சி. (அரசின் மோட்கேஜ் காப்புறுதி) பிரீமியம் 3.1 வீதம், 20,088 டொலர், கடனோடு சேரும். மொத்தம் 668,000 சொச்சம். வட்டி 4.2 வீதம் என்று வைத்தால் 25 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 3,590. ஆனால் ஸ்ட்ரெஸ் டெஸ்டில் வங்கி உங்களைச் சோதிப்பது 6.2 வீதத்தில்; அப்போது தவணை 4,350 அளவில் வரும். சொத்து வரி 430, சூடாக்கும் செலவு 100, ரோட் ஃபீஸில் பாதி 80 எல்லாம் சேர்த்தால் 4,960. உங்கள் இருவரின் மாத வருமானம் 13,333. வீட்டுச் செலவு மட்டும் 37 வீதம், எல்லை 39. இதுவரை நல்லது.

மற்றக் கடன்களையும் சேர்த்த எல்லை 44 வீதம், அதாவது 5,867 டொலர். 4,960 போக உங்களுக்கு மிச்சமுள்ள இடம் சுமார் 900. அதில் உங்கள் வான் 540 எடுத்தால் 360 நிற்கிறது. அந்த 360க்குள் அத்தானை உட்கார வைக்க முடியாது. அவருடைய காருக்கு 610. யார் கட்டினாலும் கையெழுத்து உங்களுடையது, ஆகவே முழுத் தவணையும் உங்கள் கணக்கில்தான் விழும். கிரெடிட் லைனுக்கு அவர் தருவது மாத வட்டி மட்டும், 9 வீதம் என்றால் 180 டொலர். வங்கி அந்த 180ஐப் பார்ப்பதில்லை. நிலுவையில் 3 வீதத்தை மாதத் தவணையாக எடுக்கும்: 24,000க்கு 720. வட்டி ஒழுங்காக வருகிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருந்த கடன்தான் உங்கள் வானைவிட அதிக இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாம் கூட்டினால் 6,830, அதாவது 51 வீதம். அவருடைய மோட்கேஜ் தவணை இன்னும் இதில் ஏறவே இல்லை.

புரோக்கர் சொல்லும் 30 வருடம் இதற்கு மருந்தில்லை. முதல் வீடு வாங்குபவர்களுக்கு அது இப்போது கிடைக்கும், பிரீமியம் 0.2 வீதம் கூடும். சோதனைத் தவணை மாதம் 290 அளவு குறையும். அப்போதும் நீங்கள் 49 வீதத்தில் நிற்பீர்கள். அதற்காக நீங்கள் கொடுக்கும் விலை, வட்டி மாறாது என்று வைத்துப் பார்த்தால், மொத்தத்தில் 97,000 டொலருக்குக் கிட்ட. வங்கி மறுத்தபிறகு அதே புரோக்கர் தனியார் கடன் ஒன்றைக் கொண்டுவருவார். இரட்டை இலக்க வட்டி, ஒரு வருடத் தவணைக்காலம், எடுக்கும்போதே கட்டணக் கழிப்பு. அதற்குள் போகவேண்டாம்.

உறுதியில் 1 வீதம் என்பதற்கு இன்னொரு விலை இருக்கிறது. ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்குபவருக்கு நில மாற்று வரியில் 4,000 டொலர் வரை திரும்பக் கிடைக்கும். உலகில் எங்கேயும் ஒரு வீட்டில் எந்தப் பங்கும் வைத்திருந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. 1 வீதமும் பங்குதான். அதைவிட மோசம், உங்கள் மனைவியாக இருக்கும் காலத்தில் நீங்கள் வீட்டுப் பங்கு வைத்திருந்தால் அவருக்கும் கிடைக்காது. அத்தானுக்காக நீங்கள் வைக்கும் கையெழுத்து உங்கள் மனைவியின் சலுகையையும் சேர்த்தே எடுத்துவிடும். இதை மனைவியிடம் சொல்லிவிட்டீர்களா?

720,000க்கு மாகாண வரி 10,875. சலுகையைக் கழித்தால் 6,875. அஜாக்ஸ் என்பதால் இதோடு முடிகிறது. இதே வீடு ஸ்காபரோவில் இருந்திருந்தால் ரொறன்ரோ மாநகரமும் இன்னொரு 10,875 கேட்டு, அதில் 4,475 விடும். குளோசிங் அன்று வேறென்ன வேண்டும்? சி.எம்.எச்.சி. பிரீமியத்துக்கு 8 வீத மாகாண விற்பனை வரி, 1,607 டொலர். இது கடனில் சேராது, காசாகக் கட்டவேண்டும். பலர் லோயரின் அலுவலகத்தில்தான் இதைக் கேள்விப்பட்டு முழிப்பார்கள். லோயர், வீடு சோதனை, சாமான் ஏற்றி இறக்குவது எல்லாவற்றுக்கும் 7,000 வையுங்கள். முன்பணத்தோடு 87,500 ஆகும். உங்களிடம் இருப்பது 100,000. மிச்சம் 12,500, இரண்டு பிள்ளைகளோடு புது வீட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு அது பெரிய தொகையில்லை, அத்தானின் கிரெடிட் லைனை அடைக்க அதை எடுக்கவேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? கார்க் கடனிலிருந்து உங்கள் பெயர் முழுதாக வெளியே வரவேண்டும், அதில் அரைகுறை இல்லை. ‘என்னை எடுத்துவிடுங்கள்’ என்று வங்கிக்கு எழுதினால் எடுக்கமாட்டார்கள். அத்தான் தன் பெயரில் மட்டும் புதுக் கடன் எடுத்துப் பழையதை மூடவேண்டும், அல்லது அக்கா கோ-சைன் செய்யவேண்டும், அல்லது கார் விற்கப்படவேண்டும். அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தே 12 மாதமும் தவணை போனதைக் காட்டினால் சில வங்கிகள் அந்தக் கடனைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுண்டு. அறிக்கைகளை வாங்கி வையுங்கள், ஆனால் அதை நம்பி ஆஃபர் போடாதீர்கள்.

கிரெடிட் லைனை முழுதாக அடைக்கத் தேவையில்லை. 12,000க்கு இறங்கினால் வங்கிக் கணக்கில் அது 360. உங்கள் இடமும் 360. இது மயிரிழை, ஆகவே 8,000 வரை இறக்குங்கள்; 240தான் ஏறும், மூச்சுவிட இடமிருக்கும். அத்தான் வட்டிக்கு மேலே மாதம் 2,000 தந்தால் எட்டு மாதம். அவரால் அது முடியாது என்றால், அவருடைய வீட்டுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பேற்கலாமா என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் நீங்கள் நன்றிக்கடன் பட்டவர், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்றரை வருட வாடகையை மனதில் கணக்குப் போட்டு, முடிந்த தொகையை வீட்டு குளோசிங் முடிந்தபிறகு காசாகக் கொடுங்கள், திருப்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். காசாகக் கொடுத்தால் இழப்பு அந்தத் தொகையோடு நிற்கும். கோ-சைன் செய்தால் அவர் ஒரு தவணை தவறும்போது உங்கள் கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்து விழும், அதுவும் உங்களுக்குத் தெரியாமல். இந்த வாரமே ஈக்விஃபாக்ஸிலும் டிரான்ஸ்யூனியனிலும் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், இலவசம்தான். கார்த் தவணை எப்போதாவது 30 நாள் பிந்தியிருந்தால் அதில் இருக்கும்.

அதுவரை ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போடும் காசு, வீட்டுக்காக எடுப்பதற்குமுன் 90 நாள் அங்கே கிடந்திருக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம். சீட்டு ஏதாவது பிடிக்கிறீர்கள் என்றால் கழிவுக்குக் கேட்டு இப்போது எடுக்காதீர்கள். முன்பணம் கடந்த 90 நாளில் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும், சீட்டு நடத்தும் தாச்சியின் கொப்பி அங்கே செல்லாது. வீட்டுக் கடனோடு சேர்த்து யாராவது ‘சேமிப்பும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு’ என்று யூனிவர்சல் லைஃப் பொலிசியோடு வந்தால் தேநீர் கொடுத்து அனுப்புங்கள். உங்களுக்கு வேண்டியது 25 வருட டேர்ம் பொலிசி (அந்தக் காலத்துக்கு மட்டுமான ஆயுள் காப்புறுதி), அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றி. ஃப்ரீஹோல்ட் என்கிறார்கள், ஆனால் ரோட் ஃபீஸ் இருக்கிறது என்றால் அந்தத் தெரு நகராட்சியுடையது அல்ல, அந்த வரிசை வீட்டுக்காரர் எல்லோருக்கும் பொதுவானது. குறுக்கே வாகனம் போகாத அந்த அமைதிக்கும் அதுதான் காரணம். பனி அள்ளுவது, தெருவிளக்கு, விருந்தினர் பார்க்கிங், ரோட்டுக்குக் கீழே போகும் தண்ணீர், கழிவுநீர்க் குழாய் எல்லாம் உங்கள் 160 டொலரிலிருந்துதான். தார் மாற்றவோ உடைந்த குழாயைத் திருத்தவோ ரிசர்வ் நிதியில் (பெரிய திருத்தங்களுக்கென்று சேர்த்துவைக்கும் பொதுக் காசு) காசில்லை என்றால், வீட்டுக்கு இத்தனை ஆயிரம் என்று ஒரே தடவையில் கேட்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஸ்டேட்டஸ் சர்ட்டிபிகேட் (பொது நிர்வாகம் தரும் நிலைமைச் சான்றிதழ்) இருக்கிறது. சட்டப்படி 100 டொலர், 10 நாளுக்குள் தரவேண்டும். உங்கள் லோயர் அதைப் படித்து முடிக்கும்வரை ஆஃபர் நிபந்தனையோடுதான் இருக்கவேண்டும். ரிசர்வ் நிதியில் எவ்வளவு, கடைசி ஆய்வு எப்போது, வழக்கு உண்டா, இந்த மூன்றையும் குறிப்பாகக் கேளுங்கள்.

கூரை உங்களுடையது, ஆனால் பக்கத்து வீட்டுக் கூரையோடு ஒட்டியது. ஷிங்கிள் போட்டு 15 வருடம் தாண்டியிருந்தால் இரு வீடும் சந்திக்கும் கோட்டில் ஒழுகக்கூடும். சோதனை செய்பவரை அட்டிக்குக்குள் தலையை விட்டு அந்தப் பக்கத்துப் பலகையில் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கி, ஃபர்னஸ், ஏ.சி. சொந்தமா வாடகையா என்று எழுத்தில் வாங்குங்கள். வாடகை என்றால் ஒப்பந்தத்தையே காட்டச் சொல்லி, வெளியேற எவ்வளவு என்று பாருங்கள். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டுத் தவணை கட்டலாம் என்று ரியல்டர் சொன்னால், பெர்மிட் இருக்கிறதா, வாடகைக்காரர் காரை எங்கே விடுவார் என்று திருப்பிக் கேளுங்கள். கராஜில் ஒன்று, முன்னால் ஒன்று, இரண்டும் உங்களுக்கே போய்விடும்.

இதெல்லாம் எட்டு மாதம் கழித்து, இந்த வீடு போயிருந்தால் இன்னொன்றில். இன்றைக்குச் செய்யவேண்டியது ஒரு போன். வங்கி அனுப்பிய ரினியூவல் கடிதத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி அத்தானிடம் கேளுங்கள். அதில் இருக்கும் கடன் தொகையையும், உங்களைக் கையெழுத்து வைக்கச் சொல்லும் பத்திரத்தில் இருக்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.