வாணி விழாவில் விளக்கேற்ற மறுத்தவருக்கு இடமாற்றம்: சட்டம் எதைப் பார்க்கும்?

வாசகி ஒருவர் அனுப்பிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவர் திருகோணமலை நகரிலுள்ள அரச அலுவலகமொன்றில் 14 வருடங்களாக முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறார். சுயாதீன கிறிஸ்தவ சபையொன்றைச் சேர்ந்தவர். அலுவலக வாணி விழாவுக்கு நலன்புரிச் சங்கம் எல்லோரிடமும் பணம் சேர்த்தது. கோலம் போடுவதும் குத்துவிளக்கேற்றுவதும் அவருக்குரிய கடமைகளாக ஒதுக்கப்பட்டன. தமது விசுவாசத்துக்கு அது பொருந்தாது என்று கூறி, பணம் கொடுக்கவும் பூசையில் பங்குபற்றவும் அவர் மறுத்துவிட்டார். மூன்று வாரங்களின் பின்னர், 'சேவைத் தேவை கருதி' வெருகலுக்கு இடமாற்றம் என்ற கடிதம் பதிவுத்தபாலில் வந்தது. கடிதம் கைக்குக் கிடைத்து இன்றைக்கு 19 நாட்கள் ஆகின்றன. 'அரசாங்கத்துக்கு மதம் இருக்கலாமா? எனக்கு நீதி கிடைக்குமா?' என்று அவர் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சக ஊழியர்கள் உங்கள் சபையைப் பற்றிப் பேசியவை, உங்கள் தாயாரின் நோய், கடந்த வருடம் கோயில் அன்னதானத்துக்கு நீங்கள் மனமுவந்து அரிசி கொடுத்தது, ஒரு நாள்கூடப் பிந்தி வராத உங்கள் சேவைக்காலம் ஆகிய எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அவை உங்களை எவ்வளவு காயப்படுத்தியிருக்கும் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அவற்றில் ஒன்றேனும் உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப் போவதில்லை. தீர்மானிக்கக்கூடிய விடயம் ஒன்பதாம் பக்கத்தின் அடியில், நீங்களே முக்கியம் என்று கருதாமல், ஒரே வரியில் இருக்கிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வேலைப் பங்கீட்டுப் பட்டியலை வெளியிட்டவர் நலன்புரிச் சங்கச் செயலாளர் அல்ல, அலுவலகத் தலைவர். உங்கள் பெயருக்கு எதிரே 'கட்டாயம்' என்று எழுதியவரும் அவரே.

அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதற்கு, மீறியது அரசின் ஆட்சித்துறைச் செயலாகவோ நிருவாகச் செயலாகவோ இருத்தல் வேண்டும் என்பதை அரச ஊழியரான நீங்கள் அறிவீர்கள். நலன்புரிச் சங்கம் பணம் கேட்டது அத்தகைய செயல் அல்ல; சக ஊழியரின் ஏளனமும் அல்ல; வாணி விழா நடத்தப்பட்டதைக்கூட அந்த வகைக்குள் கொண்டுவருவது கடினம். அலுவலகத் தலைவர் தமது பதவியின் நிலையில் நின்று 'கட்டாயம்' என்று எழுதியதும், அதன் பின்னர் இலச்சினை பொறித்த தாளில் இடமாற்றக் கட்டளை வந்ததும் அரசின் செயல்கள். ஆகவே, நீங்கள் மறுத்ததனால்தான் இந்த இடமாற்றம் வந்ததா என்ற ஒரு கேள்வியில் உங்கள் வழக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது.

அரசாங்கத்துக்கு மதம் இருக்கலாமா என்ற உங்கள் கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று முதலிலேயே வற்புறுத்திச் சொல்கிறேன். மதத்தையும் அரசையும் முற்றாகப் பிரிக்கும் ஏற்பாடு எமது அரசியலமைப்பில் இல்லை. 1947ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு மதத்தவருக்கு மாத்திரம் பாதகமாகச் சட்டம் இயற்றுவதைத் தடுத்திருந்தது. 1972ஆம் ஆண்டின் யாப்பு பௌத்தத்துக்கு முதன்மையான இடத்தை வழங்கியது. 1978ஆம் ஆண்டின் யாப்பு 9 ஆம் உறுப்புரையில் அதனைத் தொடர்ந்தது. இலங்கை மதச்சார்பற்ற அரசு என்று உயர் நீதிமன்றமே 2007இல், ஒலிபெருக்கிச் சத்தம் தொடர்பான வழக்கொன்றில் கூறியிருக்கிறது என்பது உண்மை. எனினும் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, 9 ஆம் உறுப்புரைக்கு எதிரே உங்கள் வேலையைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன்.

உங்களுக்கு அது தேவையும் இல்லை, ஏனென்றால் 10 ஆம் உறுப்புரை உங்கள் பக்கம் நிற்கிறது. சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றுக்கான சுதந்திரத்தை அது ஒவ்வோர் ஆளுக்கும் வழங்குகிறது. பேச்சுச் சுதந்திரம் முதலிய ஏனைய பல உரிமைகளைக் கட்டுப்படுத்துவதற்கு 15 ஆம் உறுப்புரை இடமளிக்கின்றபோதிலும், 10 ஆம் உறுப்புரையைக் கட்டுப்படுத்துவதற்கு எந்த இடமும் வைக்கப்படவில்லை. 9 ஆம் உறுப்புரையை மாற்றுவதற்குச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று கூறும் அதே 83 ஆம் உறுப்புரை, 10 ஆம் உறுப்புரைக்கும் அதே காவலை வைத்திருக்கிறது. 1985இல் புகையிரதத் திணைக்கள ஊழியர் ஒருவர், தேசிய பாதுகாப்பு நிதிக்கு ஒரு நாள் சம்பளம் கொடுப்பது தமது மனச்சாட்சிக்கு விரோதமானது என்று உயர் நீதிமன்றம் சென்றபோது, ஒரு மத நம்பிக்கை பாதுகாக்கப்படுவதற்கு அது மற்றவருக்குத் தர்க்கரீதியானதாகவோ ஏற்புடையதாகவோ இருக்கவேண்டியதில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் பதிவாகியது. குத்துவிளக்கேற்றுவது வெறும் பண்பாடுதானே, அதில் மதம் எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், உங்கள் விடை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

இனி உங்கள் கடிதத்தில் என்னை அச்சப்படுத்திய பகுதிக்கு வருகிறேன். விழா நாளன்று மண்டபத்தில் நின்று 'விக்கிரக ஆராதனை பாவம்' என்று இரண்டு சக ஊழியர்களுக்கு எடுத்துச் சொன்னதாகவும், அவர்களில் ஒருவருக்குச் சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் கொடுத்ததாகவும் ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் விசுவாசத்தின் உறுதிக்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. சட்டத்தில் அது உங்கள் வழக்கின் மிகப் பலவீனமான இடம். மௌனமாக விலகி நிற்பது 10 ஆம் உறுப்புரைக்குள் அடங்கும். வாய் திறந்து போதித்த கணத்திலிருந்து நீங்கள் 14(1)(உ) உறுப்புரைக்குள், அதாவது மதத்தை வெளிப்படுத்தும் உரிமைக்குள், வந்துவிடுகிறீர்கள். அந்த உரிமையைப் பொது ஒழுங்கின் பெயரால் கட்டுப்படுத்தலாம். மதத்தைப் பரப்புவதற்கான அடிப்படை உரிமை எமது யாப்பில் இல்லை என்று, கிறிஸ்தவ துறவற சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் தொடர்பில் 2003இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2005இல் அதற்கு மாறான முடிவைக் கூறியபோதும், எமது நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டப்படுவது 2003ஆம் ஆண்டின் தீர்மானம்தான். எதிர்த்தரப்பு ஆட்சேபனையைத் தாக்கல் செய்யும்போது, 'மறுத்ததற்காக அல்ல, அலுவலகத்தில் மதப் பிரசாரம் செய்து ஊழியர்களிடையே பிளவை உண்டாக்கியதற்காக மாற்றினோம்' என்று எழுதினால் உங்கள் வழக்கு தலைகீழாகிவிடும்.

கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகளைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடாததற்காகப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டபோது, இந்திய உச்ச நீதிமன்றம் 1986இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. எமக்கு அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்லவெனினும் வாதத்துக்கு உதவும். அந்தப் பிள்ளைகள் கீதம் இசைக்கப்பட்டபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். யாரையும் தடுக்கவுமில்லை, யாருக்கும் உபதேசிக்கவுமில்லை. நீங்களும் அவ்வாறு நின்றிருந்தால் நான் இந்தப் பந்தியை எழுத வேண்டியிருந்திருக்காது. ஆயினும் நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. சத்தியக்கடதாசியில் உண்மையே இருக்க வேண்டும். முக்கியமான விடயமொன்றை மறைத்தார் என்ற காரணத்துக்காகவே மனுக்கள் தள்ளுபடி செய்யப்பட்டிருக்கின்றன. நடந்தது எப்போது, எத்தனை நிமிடம், அதற்கு முன்னரே 'கட்டாயம்' என்ற செய்தி வந்துவிட்டதா என்பதை நேரவரிசையில் எழுதித் தாருங்கள். செய்தி முன்னர் வந்திருந்தால் நிலைமையைக் காப்பாற்றலாம்.

இப்போது காலம். உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 126(2) ஆம் உறுப்புரை கூறுகிறது. உங்களுக்கு இரண்டு வாரங்கூட மீதமில்லை. பல வருடங்களாக நான் காணும் துயரம் இதுதான்: பாதிக்கப்பட்டவர் முதலில் அரசாங்க அதிபருக்கு எழுதுவார், பிறகு அமைச்சுக்கு, பிறகு பாராளுமன்ற உறுப்பினருக்கு, பிறகு தமது குருவானவர் மூலம் மேலிடத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்ற பதில் வரும். என்னிடம் வந்த ஒருவர் அத்தகைய பதில்களைத் திகதி வரிசையில் அழகாகக் கோவைப்படுத்திக் கொண்டு வந்தார். முதலாவது கடிதத்துக்கும் கடைசிக் கடிதத்துக்கும் இடையில் நான்கு மாதங்கள் கடந்திருந்தன. அவருடைய வழக்கு உங்களுடையதைவிடப் பலமானது. ஆனால் நான் அதைத் தொடவே முடியவில்லை.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்துவிட்டால் காலம் நின்றுவிடும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது பாதி உண்மை. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்யப்பட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலத்தைக் கணக்கிலெடுக்காமல் விடுகிறது. ஆனால் முறைப்பாடு செய்ததற்கான பற்றுச்சீட்டு மாத்திரம் போதாது, விசாரணை உண்மையிலேயே நடைபெற்றதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. முறைப்பாட்டைச் செய்யுங்கள்; அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வெருகலில் வெற்றிடம் இருந்ததா, இடமாற்றச் சபை கூடியதா என்று இன்றே விண்ணப்பியுங்கள். பதில் பிந்தி வந்தாலும் பின்னர் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. நடு ஆண்டில், சபை கூடாமல், வெற்றிடமே இல்லாத இடத்துக்கு மாற்றியிருந்தால், 'சேவைத் தேவை' என்ற சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

அடுத்தது அதைவிடக் கொடிய ஆபத்து. 'அநியாயமான கட்டளைக்கு நான் கீழ்ப்படியப் போவதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து உடனே வெருகலுக்குச் சென்று கடமையைப் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். எதிர்ப்பைப் பதிவுசெய்து, உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பொறுப்பேற்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துப் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். விடுமுறை பெறாமல் வீட்டில் இருந்தால், அரச ஊழியருக்கான விதிகளைக் கூறும் தாபனவிதிக் கோவையின்படி பதவியை வெறிதாக்கியதாக, அதாவது தாமாகவே விட்டுச் சென்றதாக, கருதி அறிவித்தல் அனுப்புவார்கள். அந்தக் கடிதம் வந்த பிறகு உங்கள் வழக்கில் மதமும் இல்லை, மனச்சாட்சியும் இல்லை. வேலைக்கு வராத ஓர் ஊழியரின் வழக்கு மாத்திரமே மிஞ்சும். வெருகல் பேருந்தில் போய்வருவது கடினம் என்பதை நான் அறிவேன். 14 வருட ஓய்வூதிய உரிமையை இழப்பது அதைவிடக் கடினம்.

முகநூலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் சபையின் இளைஞர்கள் காணொளி வெளியிட ஆயத்தமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3 ஆம் பிரிவின் கீழ், மத வெறுப்பைத் தூண்டினார் என்று கைதுசெய்யப்பட்டவருக்கு 2019இல் நீதவான் பிணை வழங்க முடியாதிருந்தது. மேல் நீதிமன்றம் மாத்திரமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில், வழங்கலாம் என்றிருந்தது. அந்த ஆண்டில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காகப் பல மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். அது தவிர, ஊடகங்களுக்குக் கருத்துச் சொல்வதற்கு அரச ஊழியர் மீது தனியான கட்டுப்பாடுகளும் உள்ளன. எமது நகரத்தில் மதம் வீதிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதை 2005இல் பேருந்து நிலையத்துக்கு அருகே புத்தர் சிலை வைக்கப்பட்டபோதும், 2018இல் பாடசாலை ஆசிரியைகளின் அபாயா உடை தொடர்பில் எழுந்த பிரச்சினையிலும் கண்டுவிட்டோம். கடைசியில், முதலில் பாதிக்கப்பட்டவர் யார் என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

இந்துக்களான வாசகர்கள் சிலருக்கு என் பதில் மனவருத்தத்தைத் தரக்கூடும். நானும் வாணி விழாவில் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். ஆனால் கொழும்பிலுள்ள அலுவலகமொன்றில் ஒரு சைவ ஊழியர் பௌத்தர்களின் பிரித் ஓதும் நிகழ்வுக்குப் பணம் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்டால், அவருக்காக நான் எடுத்துச் செல்லப்போவதும் இதே 10 ஆம் உறுப்புரைதான். பெரும்பான்மையின் அரசு எம்மை இப்படி நடத்துகிறது என்று பல தசாப்தங்களாக முறையிட்டு வந்த நாங்கள், நாங்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஓர் அலுவலகத்தில் ஒரு சகோதரியின் பெயருக்கு எதிரே 'கட்டாயம்' என்று எழுதலாகாது. விழா நடக்கட்டும். வர விரும்பாதவர் தமது மேசையில் இருந்து வேலை செய்யட்டும்.

சமரசத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். மனுவைத் தாக்கல் செய்த பிறகு, விசாரணைக்கு அனுமதி வழங்கும் கட்டத்தில் சட்டமா அதிபர் தரப்பு பேச்சுவார்த்தைக்கு வருவது வழமை. இரண்டு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று யாப்பு கூறினாலும், வழக்கு முழுவதையும் நடத்தினால் உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்பு புதுக்கடைக்கு வருடக்கணக்கில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஆகவே நகரத்திலுள்ள ஏதாவதோர் அலுவலகத்துக்கு மீள் இடமாற்றமும், மத நிகழ்வுகளில் பங்குபற்றுவதும் பணம் கொடுப்பதும் ஊழியரின் சுயவிருப்பத்துக்குரியவை என்ற எழுத்து மூலமான அறிவுறுத்தலும் கிடைக்குமானால், ஏற்றுக்கொள்ளுங்கள். அலுவலகத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற உங்கள் நிபந்தனையைக் கைவிடுங்கள். கிடைக்கவிருந்த சமரசங்கள் இந்த ஒரு நிபந்தனையால் முறிந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் மனச்சாட்சிக்கு வேண்டியது பாதுகாப்பு, அவருடைய தலைகுனிவு அல்ல.

சமரசக் கடிதம் வந்தால், மனுவை மீளப் பெறுவதற்கு முன்னர் அதன் முதல் வரியைச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். 'உத்தியோகத்தரின் சொந்த வேண்டுகோளின் பேரில்' என்று அதில் இருந்தால் கையொப்பமிட வேண்டாம். அந்தச் சொற்கள் தனிப்பட்ட கோவையில் ஏறிவிட்டால், முதல் இடமாற்றம் நியாயமானது என்றும், நீங்களே கேட்டுத் திரும்பி வந்தீர்கள் என்றும் பொருள்படும். அடுத்த முறை எவராவது உங்களை மாற்ற நினைத்தால் அந்த வரியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.