வேகம் கூடினால் தண்ணீர் கூடுமா?

கேள்வி (ஒட்டன்சத்திரம் வாசகர்): போர் மோட்டாரிலிருந்து தோட்டத்துக்கு 2 அங்குல பைப்பு வருகிறது. கடைசியில் ரெடியூசர் போட்டு 1 அங்குலமாக்கினேன். இப்போது தண்ணீர் மூன்று மடங்கு தூரம் போய் விழுகிறது. தண்ணீரும் கூடுதலாகத்தான் வருகிறது என்கிறேன் நான், என் மச்சான் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? மணிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: மச்சான் கட்சிதான் ஜெயிக்கிறது, மன்னிக்கவும். பைப்புக்குள் தண்ணீரை அமுக்கிச் சின்னதாக்க முடியாது, நடுவில் எங்கும் ஒளித்து வைக்கவும் முடியாது. அதனால் பெரிய பைப்பில் ஒரு நொடிக்கு எத்தனை லிட்டர் நகர்கிறதோ அதே லிட்டர்தான் சின்ன பைப்பிலும் நகர வேண்டும், வழி குறுகிவிட்டதால் அது ஓடித்தான் ஆக வேண்டும். வாய்க்கால் குறுகும் மடையில் தண்ணீர் சீறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். கண்ணுக்குத் தெரிவது வேகம், வாளியில் விழுவது அளவு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பாதிச் சண்டை.

முதலில் கணக்கில்லாமல் அளந்துவிடுங்கள். 20 லிட்டர் வாளி, செல்போனில் ஸ்டாப்வாட்ச், அவ்வளவு போதும். 10 நொடியில் நிரம்புகிறது என்று வையுங்கள், அப்படியானால் நொடிக்கு 2 லிட்டர், மணிக்கு 7,200 லிட்டர். அப்புறம் பைப்பின் உள்விட்டத்தை அளங்கள். இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்: கடையில் 2 அங்குலம் என்று கொடுக்கிற பிவிசி பைப்பு வெளியே 63 மி.மீ. இருக்கும், உள்ளே எவ்வளவு என்பது அது எத்தனை கிலோ பைப்பு, அதாவது எத்தனை கிலோ அழுத்தம் தாங்குவது என்பதைப் பொறுத்தது. உங்களுடையது உள்ளே 56 மி.மீ., சின்னது 28 மி.மீ. என்று கொள்வோம். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசியாகிவிடும், 2,463 சதுர மி.மீ.யிலிருந்து 616க்கு வந்துவிடும். 2 லிட்டர் என்பது 20 லட்சம் கன மி.மீ., அதைப் பரப்பால் வகுத்தால் பெரிய பைப்பில் நொடிக்கு 0.81 மீட்டர், சின்னதில் 3.25 மீட்டர். வேகம் நான்கு மடங்கு, லிட்டர் அதே லிட்டர்.

வாளி வைக்க இடமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. பைப்பின் வாயை மட்டமாக வைத்து, பீய்ச்சும் தண்ணீர் 30 செ.மீ. கீழே இறங்குவதற்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்க வேண்டும். 30 செ.மீ. விழ ஏறக்குறைய கால் நொடி ஆகும், ஆகவே மீட்டரில் உள்ள தூரத்தை நாலால் பெருக்கினால் வேகம் வந்துவிடும். 80 செ.மீ. போனால் 3.2 மீட்டர் வேகம், மேலே போட்ட கணக்கோடு ஒத்துப்போகிறது பாருங்கள். பைப்பு முழுசாக நிரம்பி ஓட வேண்டும், பாதி காலியாக ஓடினால் இந்தக் கணக்கு செல்லாது.

சரி, ரெடியூசர் போட்டதால் நஷ்டமா? அந்த வேகத்தை உண்டாக்க உங்கள் மோட்டார் அரை மீட்டர் உயரத்துக்கான அழுத்தத்தைக் கூடுதலாகச் செலவழிக்கிறது. ஆழத்திலிருந்து தூக்கும் போர் மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை, தண்ணீர் கொஞ்சம்போல குறையும், கூட மட்டும் கூடாது. ஆனால் ‘சின்ன பைப்பு விலை கம்மி’ என்று 30 மீட்டருக்கும் 1 அங்குலத்தையே இழுத்துவிடாதீர்கள். அதே 2 லிட்டர் ஓட, உரசலிலேயே சுமார் 10 மீட்டர் அழுத்தம் போய்விடும், பெரிய பைப்பில் அது அரை மீட்டர்கூட வராது.

ஓஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் தூரம் போகிறதே என்பீர்கள். அங்கே வரும் தண்ணீரே குறைகிறது, அதனால் பைப்புக்குள் உரசலில் வீணாகும் அழுத்தமும் குறைந்து, மிச்சமெல்லாம் வாயில் வந்து பீய்ச்சுகிறது. வாளி வைத்துப் பாருங்கள், மெதுவாகத்தான் நிரம்பும்.

கேள்வி (தேனி வாசகி): சொட்டுநீர்ப் பாசனத்தில் உரம் விட வென்சுரி (நடுவில் குறுகி, உரக் கரைசலை உறிஞ்சும் குழாய்) மாட்டினோம். உரத்தை உறிஞ்சுவதற்குப் பதில், தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி உரவாளியில் கொட்டுகிறது. வென்சுரி பழுதா?

பதில்: மாற்றிவிடாதீர்கள் அம்மா, பெரும்பாலும் அது பழுதாக இருக்காது. குறுகலான இடத்தில் தண்ணீர் நெருக்கியடிப்பதால் அழுத்தம் ஏறும் என்றுதான் நமக்குத் தோன்றும், உண்மையில் இறங்கும். பின்னால் அழுத்தம் அதிகமாகவும் முன்னால் குறைவாகவும் இருந்தால்தானே தண்ணீர் வேகம் எடுக்கும்? சுவிஸ் விஞ்ஞானி டேனியல் பெர்னூலி 1738-லேயே எழுதிவிட்ட சமாச்சாரம் இது.

ஆனால் உறிஞ்ச வேண்டுமென்றால் குறுகிய கழுத்தில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே போக வேண்டும். உங்கள் லைனில் 1.5 கிலோ பிரஷர் இருந்தால் அது 15 மீட்டர் தண்ணீர் உயரம், அதை முழுக்க வேகமாக மாற்ற நொடிக்கு 17 மீட்டர் வேண்டும். கழுத்து 8 மி.மீ. என்றால் அதற்கு நொடிக்கு சுமார் 0.86 லிட்டர் வென்சுரி வழியாகவே போயாக வேண்டும். வென்சுரி மெயின் லைனுக்குப் பக்கவழியாக மாட்டியிருந்து, மெயின் லைனில் உள்ள கேட் வால்வு முழுசாகத் திறந்திருந்தால், நல்ல ரோடு இருக்கும்போது சந்துக்குள் யார் போவார்கள், தண்ணீர் நேர் வழியிலேயே போய்விடும். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே டியூபைப் பாருங்கள். வென்சுரிக்குள் நுழையும் இடத்தில் 1.5 கிலோ இருந்தால் வெளியேறும் இடத்தில் 1 கிலோ அளவுக்காவது இறங்க வேண்டும். அப்படியும் உறிஞ்சவில்லையா, வென்சுரியைத் தாண்டி இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். அதற்கும் முன்னால், வென்சுரியின் மேல் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம்தான் காட்டுகிறதா? சிரிக்காதீர்கள், நானே ஒரு முறை தலைகீழாக மாட்டிவிட்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

கேள்வி (கோவை மாணவர்): வென்சுரி மீட்டர் (குறுகிய குழாயை வைத்துத் தண்ணீர் ஓடும் அளவை அளப்பது) கணக்கில் கடைசியில் 0.98 என்று ஒன்றைப் பெருக்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தது அது?

பதில்: மேலே உள்ள அதே பைப்பை எடுத்துக்கொள்வோம். அகலமான இடத்திலும் குறுகிய இடத்திலும் கண்ணாடிக் குழாய் செருகினால் நீர்மட்ட வித்தியாசம் 50 செ.மீ. என்கிறது. புவியீர்ப்பு 9.81-இன் இரு மடங்கான 19.62-ஐ 0.5-ஆல் பெருக்கினால் 9.81. பரப்பு விகிதம் கால், அதன் வர்க்கம் பதினாறில் ஒன்று, ஒன்றிலிருந்து கழித்தால் 15/16, அதால் வகுத்தால் 10.46. வர்க்கமூலம் 3.23 மீட்டர் வேகம், பரப்பால் பெருக்கினால் 1.99 லிட்டர். இது உரசலே இல்லாத ஊரின் கணக்கு. நிஜத்தில் சுவரில் உரசி அந்த 50 செ.மீ.யில் கொஞ்சம் தொலைவதால் 0.98-ஆல் பெருக்கி 1.95 என்கிறோம். சரிவாகக் குறுகாமல், நடுவில் ஓட்டை போட்ட தகட்டைச் செருகினால் அந்த எண் 0.6 பக்கம் வந்துவிடும், ஏனென்றால் ஓட்டையைத் தாண்டிய பிறகும் தண்ணீர்த் தாரை இன்னும் ஒடுங்குகிறது.

பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்காரர் வென்சுரி 1797-ல் குறுகும் குழாயைப் பற்றி எழுதியதோடு சரி, மீட்டரெல்லாம் செய்யவில்லை. செய்தவர் அமெரிக்கப் பொறியாளர் கிளெமென்ஸ் ஹெர்ஷல், 1887-ல். பெயரை மட்டும் வென்சுரிக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.