கடன் வேண்டாம், கையிருப்புக்குள் கார் பாருங்கள்

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அம்மாவை அடிக்கடி சிகிச்சைக்கு அழைத்துப்போக ஒரு பழைய கார் தேவை. டியூஷன் எடுத்துச் சேர்த்த 1.25 லட்சம் ரூபாய் இருக்கிறது. மாதம் 9,000 வருகிறது. சிபில் ஸ்கோரே (கடன் வரலாற்றுக்கான மதிப்பெண்) இல்லை என்று வங்கியில் கடன் மறுத்துவிட்டார்கள். ஒரு ஃபைனான்ஸ்காரர் 10 சதவீத வட்டிக்கு 2 லட்சம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்தக் கடனை வாங்காதீர்கள். அவர் சொல்வது ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். வருடத்துக்கு 20,000 வீதம் மூன்று வருடத்துக்கு 60,000 வட்டி சேர்த்து, 2.6 லட்சத்தை 36 தவணையாகப் பிரிப்பார்கள். மாதம் 7,222 ரூபாய். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசிவரை முழு 2 லட்சத்துக்கும் ஓடும். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் வங்கி முறையில் பார்த்தால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். உங்கள் 9,000-இல் மிஞ்சுவது 1,778; பெட்ரோலுக்கே பற்றாது.

ஸ்கோர் இல்லை என்றால் இதுவரை கடன் வாங்கியதில்லை என்றுதான் அர்த்தம். அது குற்றமில்லை. பின்னால் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஃபிக்சட் டெபாசிட் போட்டு, அதன்மேல் கிரெடிட் கார்டு வாங்கி, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவந்தால் ஸ்கோர் தானாக உருவாகும்.

காருக்கு 90,000-க்கு மேல் போகாதீர்கள். மீதி 35,000 பேட்டரி, டயர், கிளட்ச், இன்ஷூரன்ஸுக்கு. அந்த விலைக்குக் கிடைக்கும் பழைய வண்டியில் இதில் ஏதாவது ஒன்று முதல் வருடத்திலேயே கேட்கும். ஆல்டோ, வேகன் ஆர் போன்ற, எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைக்கும் வண்டியே உங்களுக்குச் சரி. தனியார் காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 வருடத்துக்குத்தான், பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதனால் ஆர்.சி. முடிய இன்னும் மூன்று வருடமாவது இருக்கட்டும். பாண்டிச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகத் தெரியும், என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபடி சாலை வரி கட்டும்போது அந்த லாபம் கரைந்துவிடும்.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? நீங்கள் வருவதற்குமுன் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியை மூடும் அடைப்பு) சந்தேகம். மேட்டில் ஏறும்போது இன்ஜின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவு, ஃபெண்டர் மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி போட்டிருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்பக்கத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா, சீட் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2015, 2023 சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். கடைசியாக, தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப்போங்கள்.

புரோக்கர்கள் 'ஓப்பன் டிரான்ஸ்ஃபர்' என்று கையெழுத்துப் போட்ட, பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-ஐக் கொடுத்து, "பெயரை மெதுவாக மாத்திக்கலாம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளவே கூடாது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் சட்டப்படி உரிமையாளர். அவர் இடம் மாறிவிட்டாலோ இறந்துவிட்டாலோ உங்கள் பெயருக்கு மாற்ற அலைய வேண்டியிருக்கும். எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர், ஹெச்.பி. (வண்டி மேலுள்ள கடன் பதிவு), இன்ஷூரன்ஸ் தேதியைப் பாருங்கள். நிலுவை அபராதத்தை இ-சலான் தளத்தில் பாருங்கள். ஹெச்.பி. இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், கடன் பதிவை நீக்கும் ஃபாரம் 35-உம் கைக்கு வரும்வரை முழுப் பணம் தராதீர்கள். சேஸிஸ், இன்ஜின் எண்களை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

1000 சிசிக்குட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் (அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான) இன்ஷூரன்ஸ் பிரீமியம் 2022 ஜூனில் 2,094 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஜிஎஸ்டியும் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடும் தனி. பழைய உரிமையாளரின் பாலிசி ஓடிக்கொண்டிருந்தால் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். வண்டியை எடுக்கும் தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய சலான் பின்னால் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.