நீலப் பம்ப் (இன்ஹேலர்) மாதம் ஒன்று தீர்கிறதா?

இழுப்பு உள்ள உங்கள் எட்டு வயது மகனின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகிக்க அதில் எதுவும் இல்லை, அம்மா. மூன்று பக்கக் கடிதத்தில் அந்த வார்த்தையை நீங்கள் எழுதவே இல்லை. ஆனால் ‘வெள்ளை அணு கூடினால் பெரிய வியாதியாக இருக்குமா’ என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

மொத்த வெள்ளை அணுக்கள் 10,800. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது சரியான அளவுதான். ஹீமோகுளோபின் 11.8, தட்டணுக்கள் 3 லட்சத்துக்கு மேல். ரத்தப் புற்று என்றால் பெரும்பாலும் இந்த இரண்டும் சரிந்திருக்கும். பிள்ளை வெளிறிப் போவான், காய்ச்சல் விடாது, அடிபடாமலே உடம்பில் நீலத் தடம் விழும். உங்கள் பையன் கிரிக்கெட் விளையாடப் போய், பாதியில் இருமிக்கொண்டு திரும்பி வருகிறான். இது ஆஸ்துமா.

லேபில் தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தது ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு 11 சதவீதம் என்பதை. சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். 10,800-இல் 11 சதவீதம் என்றால் சுமார் 1,190. 500-க்குள் இருந்தால் சாதாரணம். ஆஸ்துமாப் பிள்ளைகளுக்கு, அதுவும் ஆஸ்துமாவை அடக்கி வைக்கிற தடுப்புப் பம்பை நிறுத்திய பிள்ளைகளுக்கு, இது ஆயிரத்தைத் தாண்டுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். குடற்புழு இருந்தாலும் கூடும். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிற பூச்சி மாத்திரையை அவன் விழுங்கினானா என்று கேளுங்கள். 3,000-ஐத் தாண்டி, ராத்திரி இருமலும் சேர்ந்திருந்தால் யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் நோயா என்று தேடுவோம். இவனுக்கு அந்த அளவு இல்லை.

அப்புறம், இணையத்தில் வாசித்ததாக எழுதியிருக்கும் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’. ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் ரசாயனங்கள் உடம்பையே புண்ணாக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த விஷயம் பொய் இல்லை. கிருமியைக் கொல்ல வெள்ளை அணுக்கள் ஆக்சிஜனை வைத்தே கடுமையான ரசாயனங்களை உண்டாக்குகின்றன. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிக் கிருமியைக் கொல்லும் அல்லவா? நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு தனக்குள் தயாரிப்பதும் அதையேதான். ஈசினோஃபில்லிடமும் அதே இனத்தைச் சேர்ந்த ஒன்று உண்டு, புழுவை எதிர்ப்பதற்கு. ஆஸ்துமாவில் என்ன நடக்கிறது என்றால், தலையணைத் தூசியையும் சுவர்ப் பூஞ்சையையும் எதிரி என்று நினைத்து இந்த அணுக்கள் மூச்சுக்குழாயில் கூடிவிடுகின்றன. கொல்ல அங்கே ஒன்றும் இல்லை. ரசாயனம் குழாயின் உள்தோல் மேலேயே விழுகிறது. தோல் புண்ணாகி வீங்குகிறது, சளி சுரக்கிறது, சாரல் காற்று பட்டாலே குழாய் சுருங்குகிறது. சளி மஞ்சளாக வந்தது என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த நிறமும் பல நேரம் இந்த அணுக்களால் வருவதுதான்.

ஆனால் இதற்கு ‘ஆன்ட்டி ஆக்சிடன்ட்’ சிரப் என்று மார்த்தாண்டத்தில் 640 ரூபாய் கொடுத்து வாங்கியதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை, பயந்த தாயிடம் அதை விற்கிறவர்கள் மேல். வைட்டமின் சி, ஈ மருந்துகள் குழந்தைகளின் ஆஸ்துமாவை அடக்கும் என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. நெல்லிக்காய் கொடுங்கள், மட்டிப்பழமும் கொடுங்கள். பழம் தின்றால் இழுப்பு வரும் என்று மாமியார் சொல்வதற்காக நிறுத்த வேண்டாம். அந்த அணுக்கள் மூச்சுக்குழாயில் கூடுவதைத் தடுக்கிற மருந்து, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் பயந்துபோய் நீங்கள் நிறுத்தியது அதைத்தான்.

இனி, என்னைப் பயமுறுத்திய வரிக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் செலவைச் சொல்லும்போது எழுதியிருக்கிறீர்கள்: ‘நீலப் பம்ப் முன்பெல்லாம் நாலைந்து மாதம் வரும், இப்போது மாதம் ஒன்று தீர்கிறது.’

ஒரு பம்பில் 200 தடவை அடிக்கலாம். மாதத்தில் தீர்கிறது என்றால் தினம் ஆறேழு தடவை அடிக்கிறீர்கள். நீலப் பம்பில் இருப்பது சால்புட்டமால். சுருங்கிய தசையை அது சில மணி நேரம் தளர்த்தும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. பிள்ளைக்கு உடனே மூச்சு வருவதால் நமக்கு நிம்மதி. வீக்கமோ அதன் பாட்டுக்கு வளர்கிறது. வருடத்துக்கு மூன்று பம்ப், அதற்கு மேல் என்று போனாலே கடும் திணறல் வரும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒன்று என்ற கணக்குக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. போன வாரம் ஒரு ராத்திரி இரண்டு மணி நேரத்திலேயே மறுபடி அடிக்க வேண்டி வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும், அம்மா.

எது அவசரம் என்று பார்க்க நான் செய்வது இதுதான். உள்ளே வரும் பிள்ளையிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். ‘புட்டும் பயறும் பப்படமும்’ என்று ஒரே மூச்சில் சொன்னால் நேரம் இருக்கிறது. ‘புட்டு...’ என்று நிறுத்தி, தோளைத் தூக்கி மூச்சு வாங்கி, ‘பயறு...’ என்று மறுபடி நிறுத்தினால் மீதியைக் கேட்கக் காத்திருக்க மாட்டேன். நீங்களும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே குழிந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பிள்ளை சோர்ந்து தூங்கி வழிந்தாலும் புறப்பட வேண்டியதுதான். விசில் மாதிரி கேட்டுக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்று, பிள்ளை இன்னும் திணறிக்கொண்டே இருந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. சத்தம் போடக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை ஸ்பேசர் (பம்பில் மாட்டும் குழல்) வைத்து நீலப் பம்பை நாலு முதல் பத்து தடவை, ஒவ்வொன்றாக, 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொடுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று பக்கத்து அரசு ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகாதீர்கள். முதலில் கிடைக்க வேண்டியது ஆக்சிஜனும் நெபுலைசரும்.

ஸ்டீராய்டு பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தடுப்புப் பம்பில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. பல வருடம் எடுத்த பிள்ளைகளிடம் கடைசி உயரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைவு காணப்பட்டது. அதை நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். ஆனால் ‘இழுப்புக்கு’ என்று மெடிக்கலில் பொட்டலமாக மூன்று நிற மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களே, அப்படிப்பட்ட பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரை இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது பல மடங்கு அளவு, உடம்பு முழுக்கப் போவது. தயவுசெய்து அதை இனி செய்ய வேண்டாம்.

இன்னொன்று. மழைநாளில் வெயில் இல்லை என்று ரப்பர் ஷீட்டை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, கீழே கதம்பலும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் போட்டுப் புகைய விடுவதாகவும், அடுத்த அறையில்தான் அவன் தூங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமா, அங்கே ஆரம்பியுங்கள். அந்தப் புகையே அவன் மூச்சுக்குழாய்க்குள் அதே வேலையைச் செய்கிறது, வெள்ளை அணுக்களையும் இன்னும் அதிகமாக வரவழைக்கிறது. ஷீட்டைப் பின்பக்கத்துக்கு மாற்ற முடியாவிட்டால் பையனின் பாயையாவது வீட்டின் மறுகோடிக்கு மாற்றுங்கள். கொசுவர்த்தி வேண்டாம், வலை கட்டுங்கள்.

நாளைக்கே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். போகும்போது இரண்டு பம்பையும் ஸ்பேசரையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் பையனையே அடித்துக் காட்டச் சொல்லுங்கள்; பாதி மருந்து நாக்கிலேயே படிந்துவிடுகிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நீலப் பம்ப் மாதம் ஒன்று தீர்கிறது என்பதை, அவர் கேட்காவிட்டாலும், முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.