ப்ரொசீஜர் ஓடுகிறது, ஆப்ஜெக்ட்டில் மட்டும் எதுவும் வரவில்லை

சேலம் பக்கத்து டெவலப்பர்கள் கேட்டவை. எல்லாமே சி ஷார்ப்பும் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸும்தான். ப்ரொசீஜர் என்றால் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு; அது தரும் வரிகளை சி ஷார்ப் ஆப்ஜெக்ட்டில் ஏற்றும்போது வரும் சிக்கல்கள் இவை. கேட்பதற்கு முன்னால், ப்ரொசீஜரை அதே பாராமீட்டர்களோடு மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் (எஸ்கியூஎல் சர்வரை இயக்கும் கருவி) தனியாக ஓட்டி, வருகிற ஒவ்வொரு காலத்துக்கும் (column, நெடுவரிசை) பெயர் என்ன, டைப் என்ன, நல் (null, மதிப்பே இல்லாதது) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

கேள்வி: அக்கா, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். டாப்பரில் (ரிசல்ட் வரிகளை ஆப்ஜெக்ட்டாக்கும் லைப்ரரி) எல்லா வரியும் வருகிறது, எடை மட்டும் எல்லாவற்றிலும் 0. எரரே இல்லைங்க.

பதில்: பெயர் பொருந்தவில்லை தம்பி. ப்ரொசீஜர் 'வெயிட்_கிராம்ஸ்' என்று அனுப்புகிறது, உங்கள் கிளாஸில் 'வெயிட்கிராம்ஸ்' என்று இருக்கும். பொருந்தாத காலத்தை டாப்பர் சத்தமில்லாமல் விட்டுவிடும், எண் 0 ஆகவும் ஸ்ட்ரிங் நல் ஆகவும் அப்படியே நிற்கும். டாப்பரின் டீஃபால்ட்டைப்மேப்பில் மேட்ச்நேம்ஸ்வித்அண்டர்ஸ்கோர்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் போதும், அப்ளிகேஷன் தொடங்கும்போது ஒரே தடவை. ப்ரொசீஜரிலேயே அலியாஸ் (மாற்றுப் பெயர்) கொடுக்கலாம், ஆனால் அதே ப்ரொசீஜரை வேறு ரிப்போர்ட் பயன்படுத்தினால் அது படுத்துவிடும். கத்துகிற எரரை விட இந்த மாதிரி ஊமை எரர்தான் எனக்குப் பயம், வெள்ளி எடை 0 என்று பில் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றின் கணக்கு, என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் (டேபிள்களை கிளாஸ்களோடு இணைக்கும் லைப்ரரி) எழுதுகிறேன். தேவையான காலம் ரிசல்ட்டில் இல்லை என்று ஃபிரம்எஸ்கியூஎல்ரா (நாமே எழுதிய எஸ்கியூஎல்லை ஓட்டும் மெத்தட்) விழுகிறது மேடம். ஒரு எஸ்டேட் பிளாக்கை மட்டும் எடுக்கப் பின்னால் வேர் (where, வடிகட்டும் நிபந்தனை) போட்டால் வேறொரு எரர்.

பதில்: இது டாப்பருக்கு நேர் எதிர். என்டிட்டியில் (டேபிளுக்கு இணையான கிளாஸ்) மேப் ஆன ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் காலம் வந்தே ஆகவேண்டும், ஒன்று குறைந்தாலும் விழும். ரிப்போர்ட்டுக்காக டேபிள் என்டிட்டியை இழுக்காதீர்கள். தனி கிளாஸ் எழுதி ஹாஸ்நோகீ (ப்ரைமரி கீ இல்லை என்று சொல்வது) கொடுங்கள், 3.0 முதல் இருக்கிறது. 8-ஆம் பதிப்பில் இருந்தால் டேட்டாபேஸ்.எஸ்கியூஎல்குவெரி எந்தச் சாதாரண கிளாஸுக்கும் வேலை செய்யும். இரண்டாவது எரருக்குக் காரணம், எக்ஸெக் (ப்ரொசீஜரை ஓட்டும் கட்டளை) மேல் இன்னொரு செலக்ட் சுற்ற எஸ்கியூஎல் சர்வர் விடாது. ஃபர்ஸ்ட்ஆர்டீஃபால்ட் போட்டாலும் இதே கதைதான். டூலிஸ்ட் போட்டு எடுத்துவிட்டு அப்புறம் வடிகட்டுங்கள், அதைவிட நல்லது பிளாக் எண்ணையே பாராமீட்டராக அனுப்புவது.

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில். கிழங்கு லோடு பதிந்ததும் புது ஐடி திரும்ப வரவேண்டும். கெட்இன்ட்32 போட்டால் இன்வேலிட் காஸ்ட் (டைப் பொருந்தவில்லை) என்று எரர். டேபிளில் அந்தக் காலம் இன்ட் (முழு எண்)தான், சத்தியமாக!

பதில்: நம்புகிறேன் அண்ணா. டேபிளில் இன்ட் இருந்தாலும் புது ஐடியைச் சொல்லும் ஸ்கோப்_ஐடென்டிட்டி திருப்பித் தருவது நியூமரிக்(38,0), அதாவது சி ஷார்ப்பில் டெசிமல். ப்ரொசீஜரிலேயே இன்ட் ஆக காஸ்ட் செய்து அனுப்புங்கள். இன்னொரு குழி: எஸ்கியூஎல்லின் ஃப்ளோட் சி ஷார்ப்பில் டபுள், அங்கே ரியல் என்பதுதான் இங்கே ஃப்ளோட். கவுன்ட் இன்ட் தரும், கவுன்ட்_பிக் லாங் தரும். ஸ்டார்ச் பாயிண்ட், விலை இரண்டுக்கும் டெசிமலை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: லாட்ஜ் புக்கிங் சாஃப்ட்வேர். கோடை விழா சமயத்தில் நன்றாக ஓடியது, கூட்டம் குறைந்ததும் 'டேட்டா நல் ஆக இருக்கிறது' என்று விழுகிறது.

பதில்: விழாவில் எல்லா அறையும் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். இப்போது காலி அறைக்கு லெஃப்ட் ஜாயினில் (புக்கிங் இல்லாத அறையையும் சேர்த்துக் காட்டும் இணைப்பு) செக்இன் தேதி நல் ஆக வருகிறது. ப்ராப்பர்ட்டியை 'டேட்டைம்?' (நல்லையும் ஏற்கும் தேதி) என்று மாற்றுங்கள், டேட்டாரீடரில் நேரடியாகப் படிப்பதென்றால் முதலில் ஐஎஸ்டிபிநல் பாருங்கள். அவசரத்தில் ப்ரொசீஜரில் ஐஎஸ்நல் போட்டு வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தீர்கள் என்றால் எரர் போய்விடும், ஆனால் காலி அறையில் ஒருவர் 1900 ஜனவரி 1 முதல் தங்கியிருப்பார்.

கேள்வி: ப்ரொசீஜரை ஓட்டாமலே அது தரும் காலங்களைப் பார்க்க வழி உண்டா?

பதில்: எஸ்பி_டிஸ்கிரைப்_ஃபர்ஸ்ட்_ரிசல்ட்_செட், எஸ்கியூஎல் சர்வர் 2012 பதிப்பு முதல் உண்டு. உள்ளே டெம்ப் டேபிள் (தற்காலிக டேபிள்) இருந்தால் கைவிரித்துவிடும். அப்போது டெம்ப் டேபிளை டேபிள் வேரியபிளாக மாற்றலாம், இல்லையென்றால் எக்ஸெக்கோடு வித் ரிசல்ட் செட்ஸ் (வரும் காலங்களை நாமே அறிவிப்பது) எழுதலாம்.