தாய்க்கு பிபி இருந்தால் பிள்ளைக்கு இதய நோய் வருமா?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். இரண்டு தடவை பார்த்ததில் பிபி 142/92, 144/90. சர்க்கரையும் கொஞ்சம் கூடுதல். "குழந்தைக்கும் இதய நோய் வரும், தொப்புள்கொடி ரத்தத்தை இப்போதே சேமித்து வையுங்கள்" என்று ஒரு முகவர் வற்புறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த முகவரை அனுப்பிவிடுங்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள் சில ரத்த நோய்களுக்குப் பயன்படுகின்றன. பின்னாளில் வரும் ரத்தக்கொதிப்பையோ மாரடைப்பையோ அவை தடுக்காது. கர்ப்பிணியின் பயத்தை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. தவணைத் திட்டம் என்று எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, உங்கள் கவலைக்கு வருவோம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 6 நாடுகளில் 2,300-க்கும் மேற்பட்ட தாய்-பிள்ளைகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. கர்ப்பத்தின் 28-வது வாரத்தை ஒட்டித் தாயின் எடை, பிபி, கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகளை 10 முதல் 14 வயதில் சோதித்தார்கள். தாய்க்கு இவை மோசமாக இருந்தால் பிள்ளையின் எடை, பிபி, கொழுப்பு, சர்க்கரை அளவுகளும் சரியில்லாமல் போகும் வாய்ப்பு கூடியிருந்தது. அளவுகள்தான், இதய நோய் அல்ல. அதிலும் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு, ஒரே வீட்டுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

உங்கள் ரத்தத்தில் கூடும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையே இன்சுலினை அதிகம் சுரந்து கொழுப்பைச் சேர்க்கிறது. பிபி கட்டுக்கடங்காமல் போனால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறைந்து வளர்ச்சி தடைபடலாம். இரண்டையும் இன்றே கட்டுப்படுத்த வழி இருக்கிறது.

ஆனால் "மாத்திரை குழந்தைக்கு ஆகாது" என்று யாராவது சொன்னதும் பாதியில் நிறுத்துகிறார்களே, அதுதான் பெரிய ஆபத்து. லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகிய பிபி மருந்துகள் கர்ப்பிணிகளுக்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படுபவை. முக்கியமான ஒரு விதிவிலக்கை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே பிபி இருந்து, பழைய மாத்திரையையே தொடர்கிறீர்களா? அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் பாருங்கள். 'பிரில்' என்றோ 'சார்டான்' என்றோ முடிந்தால் (எனலாபிரில், டெல்மிசார்டான் மாதிரி) அது குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூட்டு மாத்திரையில் இரண்டாவது பெயராகவும் அது ஒளிந்திருக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் வந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. படியேறி வந்தவளை மூச்சுவாங்க உட்காரவைத்து, அடுத்த நொடியே பிபி பார்த்து எழுதிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள் என்று கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பிரசவம் முடிந்ததும் தாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, அவளுக்கு ஒரு தேதிகூட இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை என்று உறுதியானவர்களுக்குப் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை வேண்டும். பிபியையோ முதல் பத்து நாளுக்குள்ளேயே பார்க்கவேண்டும், அப்புறம் ஆண்டுதோறும். யாரும் கூப்பிட மாட்டார்கள், நீங்களே தேதி கேட்டு வாங்குங்கள்.